எல்லையோரத்து ஆலைகளில் கைத்தொழிலோடு நுழைவது எப்படி

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஆந்திரத்தின் சத்யவேடு, வரதய்யபாளையம், நாகலாபுரம், தடா மண்டலங்களில் உள்ள தமிழ்க் குடும்பங்களில் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை ஒன்று இருந்தால், தேர்வு முடிவு வந்த வாரமே வீட்டில் எழும் கேள்வி, கூப்பிடு தூரத்தில் இத்தனை ஆலைகள் இருக்கின்றனவே, இவனை எதில் சேர்ப்பது என்பதுதான். கேள்வியை அப்படிக் கேட்பதிலேயே பிழை தொடங்கிவிடுகிறது. எந்த ஆலை என்பதற்கு முன்னால், அந்த ஆலை இந்தப் பொட்டல் காட்டுக்கு ஏன் வந்தது என்று கேட்க வேண்டும். அது வந்த காரணம் தெரிந்தால், அது யாருக்கு நல்ல சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளும், யாரை ஆறு மாதத்தில் மாற்றிவிடும் என்பதும் தெரிந்துவிடும். பராமரிப்புப் பிரிவில் பல ஆண்டுகள் பிட்டராக (இயந்திரப் பாகங்களைப் பொருத்திச் சரிசெய்பவராக) இருந்துவிட்டு, இப்போது பிள்ளைகளுக்குப் பட்டறைப் பாடம் சொல்லிக் கொடுப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

ஆலை ஏன் வந்தது என்று பார்ப்பது

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வோம். ஆலைகள் ஆந்திரத்துக்கு ‘இடம்பெயர்ந்துவிட்டன’ என்று நம் பக்கத்தில் பேசுகிறார்கள். உண்மையில் ஓடிக்கொண்டிருக்கும் ஆலையைப் பெயர்த்து லாரியில் ஏற்றிக்கொண்டு வருபவர்கள் மிகச் சிலரே. பெரும்பாலான நிறுவனங்கள் பழைய ஆலையை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, அடுத்த ஆலையை இங்கே கட்டுகின்றன. டைக்கின் நிறுவனத்துக்கு ராஜஸ்தானின் நீம்ராணாவில் ஆலை இருக்கும்போதே, 2023 நவம்பரில் ஸ்ரீசிட்டியில் புதிய ஆலையைத் திறந்தார்கள். இந்த வேறுபாடு கைத்தொழில் கற்பவருக்கு முக்கியமானது. பெயர்ந்து வரும் ஆலை தன் பழைய ஆட்களையும் அழைத்துவரும். புதிதாகக் கட்டப்படும் ஆலை முதல் சில ஆண்டுகளில் சுற்றுவட்டாரத்திலிருந்தே ஆள் எடுத்துப் பழக்கும்.

வந்த காரணங்களில் முதலாவது நிலம். 1960-களில் எழுந்த அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இனி ஒரு கார் ஆலைக்கு இடம் கிடையாது. சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டரில், கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி, சத்யவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களில் ஆயிரக்கணக்கான ஏக்கரை ஒரே துண்டாக வளைத்து 2008-இல் ஸ்ரீசிட்டி தொடங்கப்பட்டது. எல்.ஜி. நிறுவனத்துக்கு மட்டும் 247 ஏக்கர் கொடுத்திருக்கிறார்கள்; 2025 மே மாதம் அடிக்கல் நாட்டிய அந்த ஆலைக்கு 5,000 கோடி ரூபாய் முதலீடு அறிவிக்கப்பட்டது. இரண்டாவது காரணம் துறைமுகம். தெற்கே சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி, வடக்கே கிருஷ்ணபட்டினம். ஒரு துறைமுகத்தில் நெரிசல் என்றால் கண்டெய்னரை மற்றொன்றுக்குத் திருப்பலாம் என்ற வசதி ஏற்றுமதிக்காரர்களுக்குப் பெரிது.

மூன்றாவதாக வரி. இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் பிள்ளைகள் என்ன கற்க வேண்டும் என்பதற்கான விடை இதற்குள்தான் இருக்கிறது. 2014 ஜூன் 2 அன்று மாநிலம் பிரிக்கப்பட்ட பின், ஆந்திரத்தின் 7 பின்தங்கிய மாவட்டங்களுக்கு வருமான வரிச் சட்டத்தில் தனிச் சலுகை தரப்பட்டது. அன்றைய சித்தூர் மாவட்டமும் அவற்றில் ஒன்று. 2015 ஏப்ரல் 1 முதல் 2020 மார்ச் 31 வரை அங்கே நிறுவப்படும் புதிய இயந்திரங்களின் விலையில் 15 சதவீதத்தை வரிக்குரிய வருமானத்திலிருந்து கூடுதலாகக் கழித்துக்கொள்ள முடிந்தது. இயந்திரம் தேய்வதற்கென்று கழிக்கும் முதலாண்டுக் கூடுதல் தேய்மானத்தையும் 20 சதவீதத்துக்குப் பதிலாக 35 சதவீதம் என்று எழுதிக்கொள்ள முடிந்தது. எத்தனை ஆட்களை வேலைக்கு வைத்தாய் என்று கேட்டுக் கொடுத்த சலுகையல்ல இது. எத்தனை இயந்திரங்களை இறக்கினாய் என்று பார்த்துக் கொடுத்தது. இப்படி இயந்திரத்தின் பெயரால் சலுகை பெற்று எழும் ஆலையில், இயந்திரத்துக்கு முன்னால் நின்று பொத்தானை அழுத்துகிறவர் என்றைக்கும் மாற்றத்தக்கவர். அந்த இயந்திரம் நின்றுபோகும்போது அதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவரே நிலைப்பவர்.

நான்காவது காரணம் தில்லியில் எடுக்கப்படும் முடிவுகள். குளிரூட்டும் வாயு நிரப்பிய ஏ.சி. இயந்திரங்களை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்வதை மத்திய அரசு 2020 அக்டோபரில் தடை செய்தது. அடுத்த ஏப்ரலில், ஏ.சி. உதிரிபாகங்களையும் எல்.இ.டி. விளக்குப் பாகங்களையும் உள்நாட்டில் தயாரிப்போருக்கு 6,238 கோடி ரூபாய் உற்பத்தி ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு நடந்ததை ஊரார் கண்ணாலேயே பார்த்தார்கள்: 2023 ஜனவரியில் ப்ளூ ஸ்டார், அதே ஆண்டின் இறுதியில் டைக்கின், இப்போது எல்.ஜி. குளிர்சாதன மெக்கானிக் பிரிவில் சேர்ந்த பிள்ளைகளை ‘பிரிட்ஜ் ரிப்பேர் கடை வைக்கப் போகிறாயா’ என்று ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் வரை கிண்டல் செய்தவர்கள் இருந்தார்கள். இன்று அந்தப் பிரிவுக்குத்தான் சிபாரிசு கேட்டு வருகிறார்கள்.

பெரிய ஆலை வந்தால் அதற்குப் பாகம் செய்யும் சிறிய ஆலைகள் பின்னால் வரும். அனந்தபுரம் பக்கத்துப் பெனுகொண்டாவில் கியா கார் ஆலைக்கு 2017 ஏப்ரலில் ஒப்பந்தம் போட்டார்கள். 2019 ஆகஸ்டில் முதல் கார் வெளியே வந்தது. ஆண்டுக்கு 3 லட்சம் கார்கள் செய்யும் அந்த ஆலையைச் சுற்றி இருக்கை, பம்பர், வயரிங் செய்யும் துணை ஆலைகள் வரிசையாக எழுந்தன. அந்த ஆலை தமிழ்நாட்டுக்குப் போய்விடும் என்று 2020 பிப்ரவரியில் ஒரு செய்தி கிளம்பி, நிறுவனம் அதை மறுத்தது. ஆழக் கான்கிரீட்டில் ஊன்றிய பிரஸ்ஸையும் பெயிண்ட் கூடத்தையும் அவ்வளவு எளிதாகப் பெயர்த்துவிட முடியாது என்பது பட்டறையில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். துணை ஆலைகள் அப்படியல்ல. வாடகைக் கொட்டகையில் நடப்பவை, ஆர்டர் குறைந்தால் ஆளைக் குறைப்பவை. ஆனாலும் முதல் வேலைக்கு நான் அவற்றைத்தான் சொல்வேன். பெரிய ஆலையில் ஒருவன் மூன்று ஆண்டில் ஒரே ஒரு இயந்திரத்தைக் கற்றுக்கொள்வான். துணை ஆலையில் ஆள் பற்றாக்குறை காரணமாகவே எல்லாவற்றிலும் கை வைக்க நேரும்.

எந்தத் தொழிலைக் கற்பது

அருகிலுள்ள ஆலைகளை இந்தக் கண்ணோடு பார்த்தால் தேர்வு எளிதாகிறது. அல்ஸ்டாம் ஆலையில் மெட்ரோ ரயில் பெட்டிகள் செய்கிறார்கள். சென்னை மெட்ரோவிலும் கொச்சி மெட்ரோவிலும் ஓடும் பெட்டிகளில் பல இங்கே உருவானவை. அங்கே வெல்டர், பிட்டர், எலக்ட்ரீஷியன் மூவருக்கும் இடம் உண்டு. சின்னபாண்டூரில் 2020-இல் உற்பத்தி தொடங்கிய அப்போலோ டயர்ஸ் போன்ற ஆலைகளில் நீராவி, ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தம்), நியூமேட்டிக் (காற்றழுத்தம்) தெரிந்த பராமரிப்பாளர் வேண்டும். சாக்லேட், பற்பசை, நொறுக்குத்தீனி செய்யும் ஆலைகளில் பேக்கிங் இயந்திரங்கள்தான் உயிர். அங்கே எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக்கும், சென்சாரும், இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் பி.எல்.சி. கருவியும் தெரிந்த எலக்ட்ரீஷியனும் மதிக்கப்படுகிறார்கள். சித்தூர்ப் பக்கத்தில் தோத்தாபுரி மாம்பழக் கூழ் ஆலைகள் பருவ காலத்தில் மட்டும் ஓடுபவை. பாய்லர் இயக்கச் சான்றிதழ் பெற்றவருக்கு அந்தச் சில மாதங்களில் கிராக்கி, மற்ற மாதங்களில் வேறு வேலை பார்க்க வேண்டும்.

ஐடிஐ (தொழிற்பயிற்சி நிலையம்) படிப்புகளில் பிட்டர், எலக்ட்ரீஷியன், மெஷினிஸ்ட், டர்னர், குளிர்சாதன மெக்கானிக், எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் ஆகியவை 2 ஆண்டுகள்; வெல்டர் படிப்பு 1 ஆண்டு. வெல்டருக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். பிட்டர், எலக்ட்ரீஷியன் போன்றவற்றுக்குக் கணிதம், அறிவியல் பாடங்களோடு பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். சேர்வதற்குக் குறைந்தபட்ச வயது 14. படிப்பு முடிந்து அகில இந்தியத் தேர்வில் தேறினால் கிடைக்கும் தேசியத் தொழிற்சான்றிதழ் இரு மாநிலத்திலும் செல்லும். ஊத்துக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளை ஆந்திரத்திலும், சத்யவேட்டுப் பிள்ளை கும்மிடிப்பூண்டியிலும் அதைக் காட்டலாம். ஆனால் எலக்ட்ரீஷியனுக்கான வயர்மேன் உரிமம் மாநில உரிம வாரியம் தருவது. எல்லையின் மறுபுறம் வயரிங் வேலை எடுப்பதற்கு முன் அந்த மாநிலத்து வாரியத்தில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

வெல்டிங்கைப் பற்றி ஒரு வார்த்தை. ஓராண்டில் முடிந்துவிடுகிறது என்பதற்காகப் பலர் அதில் சேர்கிறார்கள். கதவு, கிரில் செய்யும் அளவோடு நின்றும் விடுகிறார்கள். வெல்டரின் சம்பளம், அவர் எந்த நிலையில் பற்றவைக்கிறார் என்பதில் இருக்கிறது. தட்டைக் கிடத்திப் பற்றவைப்பது 1ஜி. செங்குத்தாக நிறுத்திப் பற்றவைப்பது 3ஜி. தலைக்கு மேலே 4ஜி. குழாயை 45 பாகைச் சாய்வில் அசையாமல் பொருத்திவிட்டு, ஆள் அதைச் சுற்றிச் சுற்றிப் போய்ப் பற்றவைப்பது 6ஜி. 6ஜி சோதனையில் தேறி, அந்தப் பற்றவைப்பு எக்ஸ்ரேயிலும் தேறியவரை எந்தக் கம்பெனியும் ‘ஹெல்பர்’ என்று அழைக்காது. 7018 என்ற வெல்டிங் ராடை ஈரம் போக அடுப்பில் சூடாக்கித்தான் எடுக்க வேண்டும் என்பதைக்கூடச் சொல்லித் தராத பட்டறையில் ஓராண்டு கழிப்பதில் பயன் இல்லை.

குளிர்சாதனத் தொழிலில் நான் பார்த்ததை எழுதுகிறேன். இரண்டு மாணவர்களிடம் ஒரே அளவுள்ள செம்புக் குழாய்களைக் கொடுத்து, ஒரே கம்பியால் பிரேஸிங் (கம்பியை உருக்கிக் குழாய்களை இணைப்பது) செய்யச் சொன்னோம். வெளியே பார்க்க இரண்டு இணைப்பும் ஒன்றுபோலவே பளபளத்தன. பிறகு இரண்டையும் ஹாக்ஸா பிளேடால் நீளவாக்கில் அறுத்துத் திறந்தோம். ஒன்றின் உட்புறம் புதுக் காசு போல இளஞ்சிவப்பாக இருந்தது. மற்றொன்றின் உட்புறத்தில் அடுப்புக்கரி போலப் பொருக்குத் தட்டியிருந்தது, விரலால் தேய்த்தால் உதிர்ந்தது. முதல் மாணவன் சுடர் காட்டும்போது குழாய்க்குள் நைட்ரஜனை மெல்ல ஓடவிட்டிருந்தான். இரண்டாமவன் அந்த வால்வைத் திறக்க மறந்திருந்தான். அந்தப் பொருக்கு ஏ.சி.க்குள் ஓடினால், மெல்லிய கேப்பிலரி குழாயை அடைத்து, கடைசியில் கம்ப்ரஸரையே கொன்றுவிடும். வீட்டு ஏ.சி. சரிசெய்யும் பலர் இன்றும் நைட்ரஜன் இல்லாமல்தான் பற்றவைக்கிறார்கள். ஆலையில் அது நடவாது. இப்போது அதிகம் பயன்படும் ஆர்-32 வாயு மெல்லத் தீப்பற்றக்கூடியது என்பதால், வாயு முழுதும் நீங்கியதா என்று பாராமல் சுடரைக் கொண்டுபோனால் ஆளுக்கே ஆபத்து. இந்த இரண்டு பழக்கமும் கையில் ஏறிய பிள்ளைக்கு ஆலையிலும் வேலை உண்டு, ஆலைக்கு வெளியே தடாவிலும் சூளூர்ப்பேட்டையிலும் சர்வீஸ் வேலையும் உண்டு.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஸ்ரீசிட்டியில் 2015-இல் செல்போன் தயாரிப்பு தொடங்கிய நாளிலிருந்து அந்த வரிசைகளில் பெருவாரியாகப் பெண்களே உட்கார்ந்திருக்கிறார்கள். கிராமத்துக்கே பேருந்து வந்து அழைத்துப் போகிறது. ஆனால் அதே கூடத்தில் இயந்திரத்தைச் சரிசெய்யப் பெட்டியோடு வருபவர் பெரும்பாலும் ஆண். எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் படிப்பை இரண்டு ஆண்டு படித்துவிட்டுப் போகும் பெண்ணுக்கு அந்தப் பெட்டியைத் தூக்க எந்தத் தடையும் இல்லை. வீட்டில் உடனே சம்பளம் வேண்டும் என்ற நெருக்கடி இல்லையென்றால், அந்த இரண்டு ஆண்டுகளை மகளுக்குக் கொடுங்கள் என்றே பெற்றோரிடம் சொல்லிவருகிறேன்.

ஐடிஐயைத் தேர்வது

கட்டடத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. நிலையம் மத்தியப் பயிற்சித் தலைமை இயக்ககத்தின் அங்கீகாரம் பெற்றதா, நீங்கள் சேரப்போகும் பிரிவுக்கே அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்பதை இணையத்தில் பார்த்துவிடலாம். ஒரே நிலையத்தில் எலக்ட்ரீஷியன் பிரிவுக்கு அங்கீகாரம் இருந்து மற்றொரு பிரிவுக்கு இல்லாமல் இருக்கக்கூடும். அடுத்து, வேலை நாளில் பகல் 11 மணிக்கு முன்னறிவிப்பில்லாமல் போய்ப் பட்டறையைப் பாருங்கள். லேத்தின் (கடைசல் இயந்திரத்தின்) அடியில் புதுச் சுருள்கள் கிடக்கின்றனவா, வைஸின் தாடைகள் தேய்ந்திருக்கின்றனவா, வெல்டிங் மேசைக்குக் கீழே எரிந்த ராடின் முனைகள் குவிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பட்டறை அழுக்காக இருப்பது நல்ல அறிகுறி. பெயிண்ட் உரியாத லேத், மாணவன் கை படாத லேத்.

பயிற்சியில் கையும் கண்ணும் பழக வேண்டும். ஆலை நேர்முகத்தில் பிட்டருக்கு வைக்கும் சோதனை இன்றும் பழைய சோதனைதான்: ஒரு வெர்னியர் காலிபரையும் ஒரு துண்டு இரும்பையும் கொடுத்து அளவு கேட்பார்கள். முதன்மை அளவுகோலில் 23 மி.மீ. தாண்டியிருக்கிறது, வெர்னியரில் 17-ஆவது கோடு மேல்கோட்டோடு நேராக நிற்கிறது, ஒரு பிரிவுக்கு 0.02 வீதம் 17 பிரிவுக்கு 0.34, ஆக 23.34 மி.மீ. இதைச் சொல்வதற்கு முன் தாடைகளை மூடிப் பூச்சியப் பிழை இருக்கிறதா (அளவு பூச்சியத்தில் நிற்கிறதா) என்று பார்த்தவனைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். விடை சரியாகச் சொல்லியும் தேர்வாகாத பையன்கள் பலர், மூடிப் பார்க்காதவர்கள். மேசையின் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து நானே அப்படிச் சிலரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அப்ரெண்டிஸ் ஆண்டு

ஐடிஐ முடித்ததும் நேரே காண்ட்ராக்ட் வேலைக்கு ஓடாமல், ஓராண்டு அப்ரெண்டிஸாக (ஆலையில் தொழில் பழகுநராக) இருந்துவிட்டுப் போவதுதான் என் கண்ணில் சிறந்த வழி. 1961-ஆம் ஆண்டின் அப்ரெண்டிஸ் சட்டப்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தம் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரெண்டிஸ்களை எடுத்தாக வேண்டும். 2019-இல் திருத்திய விதிகள் ஐடிஐ சான்றிதழ் உள்ளவருக்கு மாத உதவித்தொகை 7,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று வகுத்தன. விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் உள்ள தொகையை மத்திய அரசின் அப்ரெண்டிஸ் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே ஹெல்பர் வேலைக்கு இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும் என்று நண்பர்கள் இழுப்பார்கள். அப்ரெண்டிஸ் ஆண்டின் இறுதியில் தேர்வு எழுதிப் பெறும் தேசியச் சான்றிதழ், அந்த ஹெல்பரின் மூன்று ஆண்டு அனுபவக் கடிதத்தைவிடப் பல இடங்களில் எடை கூடியது.

ஒரு கவனம் வேண்டும். ‘ட்ரெய்னி’ என்று பெயர் வைத்துவிட்டு, அரசு இணையதளத்தில் ஒப்பந்தத்தைப் பதியாமல், ஆளைப் பொதி சுமக்க வைப்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் பெயரில் அப்ரெண்டிஸ் ஒப்பந்த எண் உருவாகியிருக்கிறதா என்பதை முதல் மாதத்திலேயே உங்கள் கணக்கில் நுழைந்து பார்த்துவிட வேண்டும். எண் இல்லையென்றால் அது அப்ரெண்டிஸ் பயிற்சியல்ல; சட்டத்துக்கு வெளியே நடக்கும் குறைந்த கூலி வேலை.

இடைத்தரகர்கள்

நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடைகளில் ஆள் சேர்க்கும் முகவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் தெருப் பையன் ஒருவனிடம் அப்படி ஒருவர் ‘யூனிபார்ம் டெபாசிட்’ என்று 3,000 ரூபாயும், பத்தாம் வகுப்பு அசல் சான்றிதழையும் வாங்கி வைத்துக்கொண்டார். வேலை இரண்டு மாதத்தில் முடிந்தது; அசலைத் திரும்ப வாங்க ஐந்து மாதம் அலைந்தோம், நானும் இரண்டு முறை கூடப் போனேன். அசல் சான்றிதழைச் சரிபார்த்துவிட்டுக் கையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். பிடித்து வைத்துக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை. வேலைக்காகப் பணம் கேட்பவரிடம் வேலை இருக்காது.

காண்ட்ராக்டில் சேர்வதே தவறு என்று சொல்லவில்லை. பலருக்கும் கம்பெனி ரோலுக்கு (கம்பெனியின் சொந்த ஊழியர் பட்டியலுக்கு) ஏறும் படி அதுதான். சேரும்போது நியமனக் கடிதம் கேளுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அதைக் கட்டாயமாக்கியுள்ளன. சம்பளச் சீட்டில் பி.எஃப். பிடித்தம் இருந்தால், அது உண்மையில் உங்கள் கணக்கில் விழுகிறதா என்று கைபேசியிலேயே பார்க்கலாம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை என்றால் இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு உண்டு, உங்களிடமிருந்து 0.75 சதவீதமும், முதலாளியிடமிருந்து 3.25 சதவீதமும் அதற்குப் போகும். ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி என்பது சட்டம். இவற்றைச் சண்டைக்காரனைப் போலக் கேட்க வேண்டாம்; சேரும் நாளிலேயே பணிவாக எழுதிக் கேட்டு வைத்துக்கொண்டால் போதும்.

எல்லைக்காரருக்கு மட்டும் உள்ள சிக்கல்கள்

1960 ஏப்ரலில் எல்லை மாற்றம் நடப்புக்கு வந்தபோது திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போயிற்று. பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் வடபகுதிக் கிராமங்கள் ஆந்திரத்தில் சேர்ந்து சத்யவேடு வட்டாரமாயின. அதனால்தான் நம்மில் பலருக்கு அண்ணன் வீடு ஒரு மாநிலத்திலும் தங்கை வீடு மற்றொரு மாநிலத்திலும் இருக்கிறது. ஆலையில் வேலை தேடும்போது இந்தப் பழைய கோடு குறுக்கே வந்து நிற்கும்.

தனியார் ஆலை வேலைகளில் 75 சதவீதம் மாநிலத்தவருக்கே என்று ஆந்திரச் சட்டமன்றம் 2019 ஜூலையில் சட்டம் இயற்றியது. அதை எதிர்த்து வழக்கும் தொடரப்பட்டது. நீதிமன்றத்தில் அது என்ன ஆனாலும், ஆலையின் மனிதவளப் பிரிவு உள்ளூர்க் கணக்கு காட்ட விரும்பும். ஆகவே ஆந்திரப் பக்கத்தில் குடியிருப்போர், ஆதார் முகவரி, ரேஷன் அட்டை, இருப்பிடச் சான்று ஆகிய மூன்றிலும் ஒரே முகவரி இருக்கும்படி ஊர் அரசு அலுவலகமான கிராமச் சச்சிவாலயத்தில் முன்னதாகவே சரிசெய்துகொள்வது நல்லது. இரு பக்கமும் ரேஷன் அட்டை வைத்திருப்பது சாமர்த்தியம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது குற்றம், சரிபார்ப்பில் பிடிபட்டால் வேலையும் போகும். ஊத்துக்கோட்டை, ஆரம்பாக்கம் பக்கத்திலிருந்து வருவோருக்கு உள்ளூர் என்ற சலுகை கிடைக்காது. அவர்கள் கையிலுள்ள தொழிலைக் காட்டித்தான் நுழைய வேண்டும். சொல்லப்போனால், வெல்டர், பராமரிப்புப் பிட்டர் இருவருக்கும் ஆள் கிடைக்காத நாளில் முகவரியை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

அடுத்தது மொழி. ஆந்திரத் தமிழருக்குத் தெலுங்கு பழக்கம்தான். ஆனால் வீட்டுத் தெலுங்கு வேறு, பட்டறைத் தெலுங்கு வேறு. ‘பிகிஞ்சு’ என்றால் இறுக்கு, ‘வதுலு’ என்றால் தளர்த்து, ‘ஆபு’ என்றால் நிறுத்து. இயந்திர இரைச்சலில் இந்த மூன்றையும் மாற்றிக் கேட்டால் விரல் போகும். தமிழ்நாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே இந்த மாதிரி ஐம்பது சொற்களை ஒரு குறிப்பேட்டில் தமிழில் எழுதி மனப்பாடம் செய்துவிடுவது நல்லது. வெர்னியர் முதல் வோல்ட்மீட்டர் வரை கருவிகளின் பெயர் எங்கும் ஆங்கிலம்தான், அதில் சிக்கல் இல்லை.

கடைசியாக, பெயர். இதுதான் எல்லாவற்றிலும் சிறிய விஷயம், ஆனால் இதனால் அலையாத எல்லைக்காரக் குடும்பம் இல்லை. தமிழ் வழக்கில் தந்தை பெயரின் முதலெழுத்தை இன்ஷியலாகப் போடுகிறோம். தெலுங்கு வழக்கில் குடும்பப் பெயரை, அவர்கள் ‘இண்டி பேரு’ என்பதை, முன்னால் எழுதுகிறார்கள். பள்ளியில் சேர்க்கும்போது தெலுங்கு ஆசிரியர் ஒருவர் பிள்ளைக்கு ஒரு குடும்பப் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்கிறார். ஆதார் எடுக்கும்போது அப்பா இன்ஷியல் மட்டும் சொல்கிறார். வங்கிக் கணக்கில் இரண்டும் இல்லாமல் வெறும் பெயர் நிற்கிறது. ஐடிஐ சான்றிதழ் பத்தாம் வகுப்புப் பெயரிலும், பி.எஃப். கணக்கு ஆதார்ப் பெயரிலும் அமைந்துவிட்டால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று மெய்ப்பிக்க நோட்டரி, அரசிதழ் என்று செலவும் அலைச்சலும் ஏற்படும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே, புள்ளியும் இடைவெளியும் உட்பட, ஆதாரையும் வங்கிக் கணக்கையும் திருத்திக்கொள்ளுங்கள். ஐடிஐ விண்ணப்பம் போடுவதற்கு முந்தைய மாதமே இதைச் செய்து முடித்து, மூன்றின் நகல்களையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்துவிட்டால், ஆலையின் வாசலில் ‘பேரு தப்பா இருக்கு, நாளைக்கு வா’ என்று கேட்க நேராது.